தாளின் முதுகு

திருபுவனைப் பெருமாள் கோயிலில் விடிந்த பிறகு எங்களுக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம். அதற்குள் தாள் சுவரில் ஏறிவிட வேண்டும். எட்டு மணிக்கு மேல் வயல்வெளிக் காற்று எழும். நனைத்து ஒட்டிய தாளின் ஓரத்தை அது ஒரு முறை தூக்கினால் போதும், உள்ளே காற்றுப் புகுந்து கொப்புளம் கட்டிவிடும். கொப்புளத்துக்கு அடியில் இருக்கிற எழுத்து தாளில் விழாது. பத்து மணிக்கு மேல் வெயில். மை பூசுவதற்கு முன்பே தாள் காய்ந்து, பட்டாசு வெடிக்கிற சத்தத்தோடு கல்லைவிட்டுக் கழன்றுகொள்ளும். அதனால் புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் முதல் பஸ்ஸைப் பிடிப்பேன். வில்லியனூர், அரியூர், கண்டமங்கலம் கடந்து இருட்டிலேயே இறங்கி, வாளியும் தாள் சுருளுமாகக் கோயில் வாசலில் நிற்பேன். பட்டர் வந்து கதவைத் திறப்பார். "சுவருக்குத் தண்ணி காட்டிக்கலாமா சுவாமி?" என்று கேட்பேன். "பெருமாளுக்குத் திருமஞ்சனம் ஆறதுக்கு முன்னாடி சுவருக்கு ஆகட்டும்" என்பார். முப்பது ஆண்டுகளில் மூன்று பட்டர்களைப் பார்த்துவிட்டேன். மூவரும் இதே அன்போடுதான் கதவைத் திறந்தார்கள்.

என் தொழில் கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பது. புத்தகம் எழுதுகிறவர்கள், ஆண்டு கணிக்கிறவர்கள், மன்னர் பெயரைச் சொல்லி வாதாடுகிறவர்கள் எல்லாரும் எங்கள் தாளை மேசைமேல் விரித்துத்தான் வேலையைத் தொடங்குவார்கள். கல்வெட்டுத் துறையில் இதற்கு வழங்குகிற 'எஸ்தாம்பாஜ்' என்ற சொல் பிரெஞ்சுச் சொல். புதுச்சேரிக்காரனான எனக்கு அதில் ஒரு சின்ன உரிமை இருப்பதாக எப்போதும் தோன்றும்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை இப்போது கற்றுக்கொள்ள வருகிறவர்கள் குறைவு. முதலில் கல்லைக் கழுவ வேண்டும். தேங்காய் நாரும் தண்ணீரும் போதும். இரும்புப் பிரஷ் ஆகாது, அமிலம் ஆகவே ஆகாது. எழுத்தின் பள்ளத்தில் பழைய சுண்ணாம்பு இறுகிக் கிடந்தால் மூங்கில் சில்லைக் கூராகச் சீவி, ஒவ்வோர் எழுத்தாகக் குத்தி எடுக்க வேண்டும். விளக்கு ஏற்றுகிற மாடத்தின் பக்கத்துச் சுவர்தான் பொறுமையைச் சோதிக்கும். தலைமுறை தலைமுறையாக எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கல்லில் தாள் பிடிக்காது. சீயக்காய்த் தூளும் வெந்நீரும் கொண்டு இரண்டு நாள், மூன்று நாள் என்று தேய்க்க வேண்டிவரும்.

கல் சுத்தமான பிறகு மாப்ளித்தோ தாளைத் தண்ணீரில் நனைத்து, இருவர் இரு முனையைப் பிடித்து, மேலிருந்து கீழாகச் சுவரில் படிய விட வேண்டும். அதன்மேல் அடர்ந்த மயிர் உள்ள பிரஷ்ஷால் தட்ட வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒரே அளவான அடியாக. ஓங்கி அடித்தால் தாள் கிழியும். மெதுவாக அடித்தால் பள்ளத்துக்குள் இறங்காது. சரியாக அடித்தால் கண்ணெதிரே ஒரு காரியம் நடக்கும். வெறும் வெள்ளைத் தாளில் ஒவ்வொரு குழியாக எழுத்து தோன்றும், யாரோ உள்ளிருந்து இழுப்பதுபோல. தாள் பாதி காய்ந்து, தொட்டால் ஈரம் தெரிந்தும் விரலில் ஒட்டாத பதத்தில் மை. விளக்குக் கரியையும் வேலம்பிசினையும் தண்ணீரில் குழைத்த மை அது. துணியில் பஞ்சைப் பொதிந்து கட்டிய உருண்டையில் அதைத் தொட்டு, இன்னொரு பலகையில் ஒற்றி மிகுதியைப் போக்கிவிட்டு, தாள்மேல் தட்டிக்கொண்டே போக வேண்டும். மேட்டில் மை ஏறும். பள்ளத்தில் இறங்கிய தாள் வெள்ளையாகவே நிற்கும். கறுப்புத் தரையில் வெள்ளை எழுத்து. முழுவதும் காய்ந்ததும் உரித்தால், ஆயிரம் ஆண்டுக்கு முன் உளி போன வழி கையில் வந்துவிடும்.

தாளைத் திருப்பினால் இன்னொன்று தெரியும். கல்லைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கத்தில் எழுத்துகள் இடம் வலம் மாறி, மேடாகப் புடைத்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி அறியலாம். இதை எனக்குக் காட்டியவர் என் ஆசான்.

நான் முத்தியால்பேட்டையில் பிறந்தவன். பள்ளிப்படிப்பு முடித்து, ஒரு அச்சகத்தில் மை உருளை துடைக்கிற வேலையில் இருந்தேன். 1984இல் அங்கே பத்திரிகை அச்சடிக்க வந்த ஒருவர், என் கையைப் பார்த்து, "தம்பி, மை கையில வழியாமத் தடவத் தெரியுதே, என்னோட வர்றியா?" என்றார். அவரை 'ஐயா' என்பதைத் தவிர வேறு சொல்லி நான் அழைத்ததில்லை. முதல் நாள் வேலைக்கு அழைத்துப் போகிறார் என்று அம்மா தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். ஐயா கோயில் எதற்கும் போகவில்லை. கடற்கரைக்குக் கூட்டிப்போனார்.

காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கருங்கல் தூண்கள் நிற்கின்றன. புதுச்சேரியில் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் கிடையாது. "இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. செஞ்சியிலிருந்து வந்தவை. 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சிக் கோட்டையைப் பிடித்ததிலிருந்து 1761 வரை அது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. ஐயா என் கையைப் பிடித்து ஒரு தூணின் பட்டையில் வைத்து, மெல்லக் கீழிருந்து மேலே நகர்த்தினார். சதுரம் எங்கே முடிகிறது, பட்டை எங்கே தொடங்குகிறது, உளி எந்தப் பக்கமாகச் சாய்ந்து போயிருக்கிறது என்று என் விரலுக்குச் சொல்லிக் கொடுத்தார். "நாயக்கர் காலத்து ஆளு தன் வேலையத் தூக்கிக் காட்டுவான். சோழன் காலத்து ஆளு அடக்கி வைப்பான். கண்ணு இதைச் சீக்கிரம் மறந்துடும். கை மறக்காது." இது ஐயாவின் வழியில் சொன்னது, விதிவிலக்குகளை நானே பின்னால் நிறையப் பார்த்தேன். ஆனாலும் அன்று கற்றது இன்றும் உதவுகிறது.

அதே நாள் மாலை இரண்டாவது பாடம். மிசியோன் வீதியில் சம்பா கோயில் வாசலில் நிறுத்தினார். பேராலயத்துக்கு ஊர் வழக்கில் அதுதான் பெயர். "இதை ஒட்டித்தான் நம்ம ஊர் ஈஸ்வரன் கோயில் இருந்துச்சு" என்றார். நான் ஈஸ்வரன் கோயில் வீதியில் இருக்கிற வேதபுரீஸ்வரர் கோயிலை நினைத்துக்கொண்டு விழித்தேன். அது பிறகு எழுந்தது. பழைய கோயில் 1748 செப்டம்பரில் இடிக்கப்பட்டது. ஆங்கிலேயத் தளபதி போஸ்கவென் நகரை முற்றுகையிட்டிருந்தபோது, ஆளுநர் துய்ப்ளேயின் ஆணையில் நடந்தது. துய்ப்ளேயிடம் தலைமைத் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அந்த நாட்களைத் தன் நாட்குறிப்பில் மனம் நொந்து எழுதி வைத்தார். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய அந்தக் குறிப்புகளே 1846இல் கல்லுவா மோம்பிரான் என்பவர் கண்ணில் படும்வரை வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவைதான். சம்பா கோயிலும் தப்பவில்லை. 1761இல் ஆங்கிலேயர் நகரையே தரைமட்டமாக்கியபோது அதுவும் போயிற்று. இப்போது நிற்பது அதன் பின் கட்டி 1791இல் முடித்தது.

ஐயா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒரு கோயிலோட அடித்தளத்துல இருந்து கலசம் வரைக்கும் போயிடுச்சு. மிச்சம் இருக்கிறது பிள்ளை எழுதுன மை மட்டும்தான். அப்போ படி எடுக்க ஆளில்லை தம்பி." அரசுக் கல்வெட்டுத் துறை சென்னை மாகாணத்தில் கல்வெட்டறிஞர் ஹுல்ஷைத் தலைவராகக் கொண்டு தொடங்கியது 1886இல்தான். வேதபுரீஸ்வரர் கோயிலுக்கு அது நூற்று முப்பத்தெட்டு ஆண்டு தாமதம்.

புதுச்சேரி நகரத்துக்குள் இடைக்காலக் கற்கோயில் ஒன்றைத் தேடிப் பயனில்லை. நகரத்தின் பழைய வரலாறு பத்து இருபது கிலோமீட்டர் வெளியே, திருபுவனை, திருவாண்டார்கோயில், மதகடிப்பட்டு, பாகூர், வில்லியனூர் என்று வயல்களுக்கு நடுவே நிற்கிறது. என் வாழ்க்கை இந்த ஐந்து ஊருக்கும் பஸ் ஏறி இறங்கியதில் கழிந்தது.

இவற்றில் திருபுவனையைத்தான் நான் அதிகம் தொட்டிருக்கிறேன். இன்று வரதராஜப் பெருமாள் கோயில். கல்வெட்டில் அதன் பெயர் வீரநாராயண விண்ணகரம். வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தகனின் பட்டப்பெயர்; வீராணம் ஏரிக்குப் பெயர் கொடுத்தவனும் அவன்தான். ஊர்ப் பெயர் திரிபுவனமகாதேவிச் சதுர்வேதிமங்கலம். பத்து நூற்றாண்டு வாயில் புழங்கிப் புழங்கி, கூழாங்கல்போல் தேய்ந்து திருபுவனை ஆகிவிட்டது.

கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். படி எடுக்கிறவன் உட்கார்ந்து பார்ப்பான். எங்கள் கோயில் தரையில் தொடங்குகிறது. அடியில் ஜகதி, அதன்மேல் குமுதம், அதன்மேல் கண்டம், பட்டிகை என்று அடித்தளம் ஏறும். குமுதம் உருண்டையாக இருந்தால் தாள் வைப்பது ஒரு விதம். முப்பட்டையாக இருந்தால் மூன்று பட்டைக்கும் தாளை மடக்கி, மடிப்பு எழுத்தின்மேல் விழாதபடி பார்க்க வேண்டும். அடித்தளத்துக்கு மேலே சுவர். சுவரில் அரைத்தூண்கள் முன்னே தள்ளி நிற்கும், நடுவே தேவகோட்டங்கள் உள்ளே வாங்கி நிற்கும். கல்வெட்டு இந்த ஏற்ற இறக்கம் எதையும் பொருட்படுத்தாது. ஒரே வரி சுவரில் தொடங்கி, அரைத்தூணின் பக்கவாட்டில் ஏறி, அதன் முகத்தில் நடந்து, மறுபக்கம் இறங்கி மீண்டும் சுவரில் ஓடும். ஒரே தாளில் அதை எடுக்க முடியாது. துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் எண் இட வேண்டும். என் இரண்டாம் ஆண்டில் இரண்டு துண்டுகளுக்கு எண்ணை மாற்றிப் போட்டுவிட்டேன். படித்தவர் மூன்று மாதம் திண்டாடினார். நிலத்தின் கிழக்கெல்லை குளத்துக்கு நடுவில் போய் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு, தாளை உரிப்பதற்கு முன்பே எண் இட்டு, உரித்த பின் மறுபடி சரிபார்க்காமல் நான் சுருட்டியதில்லை.

திருபுவனையின் அடிப்பகுதியில், உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. ராமாயணக் காட்சிகள் உண்டு, கண்ணன் கதை உண்டு. நின்றுகொண்டிருப்பவர் கண்ணில் படவே படாது. காலை வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழுகிற பத்து நிமிடத்தில் ஒவ்வோர் உருவமும் நிழலோடு எழுந்து நிற்கும். வெயில் ஏறியதும் மறுபடி கல்லுக்குள் போய்விடும். ஒரு சாண் உயரம்கூட இல்லாத கல்லில், குனிந்த முதுகின் பாரத்தையும் வில்லை இழுக்கிற தோளின் முறுக்கையும் கொண்டுவந்த அந்த மனிதன், யார் குனிந்து பார்ப்பார்கள் என்று நினைத்துச் செதுக்கினான்? சிற்பத்தின்மேல் மை வைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அதனால் அவற்றை நான் பார்க்க மட்டுமே செய்தேன். மை உலரக் காத்திருக்கும் நேரமெல்லாம் அவற்றின் முன்னால்தான் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு கோயில் எந்தக் காலத்தது என்று எழுத்தே இல்லாத இடத்தில் எப்படிச் சொல்வது? இதற்கு வழி காட்டியவரும் எங்கள் ஊரில் இருந்தவர்தான். புதுச்சேரியில் கல்லூரி ஆசிரியராக இருந்த கபிரியேல் ஜூவோ துப்ரேய், தென்னிந்தியக் கோயிற்கலை பற்றிய தன் நூலை 1914இல் வெளியிட்டார். உளி பிடித்த சிற்பிகளிடமே உட்கார்ந்து உறுப்புகளின் பெயர் கேட்டு எழுதியவர். அவர் கண்டுபிடித்தது ஒரு சின்ன உறுப்பின் கதை: தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்குகிற பொதிகை. பல்லவர் காலத்தில் அது வளைந்து, அலை அலையாக வரி ஓடும். சோழர் காலத்தில் விளிம்பு சாய்வாக வெட்டுப்பட்டு, நடுவில் ஒரு முளை நீட்டிக்கொள்ளும். விஜயநகரக் காலத்தில் அந்த நுனி மொட்டாகக் கீழே தொங்கத் தொடங்கும். பிறகு வாழைப்பூவாக முழுசாகத் தொங்கிவிடும். மன்னர்கள் மாறினாலும் தச்சன் மகன் தச்சனாகத்தானே இருந்தான். தகப்பன் செதுக்கியதைவிட மகன் ஒரு நூல் அளவு கூட்டிச் செதுக்குவான். அந்த ஒரு நூல் ஒரு நூல்தான் ஆயிரம் ஆண்டில் முளையைப் பூவாக்கியது. இன்றைக்கு எந்த மண்டபத்தில் நுழைந்தாலும் நான் முதலில் பார்ப்பது சாமியை அல்ல, பொதிகையைத்தான். சாமி பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

திருபுவனையில் முதலாம் ராஜாதிராஜனின் 30ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கிறிஸ்து ஆண்டில் 1048. இந்த ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1919இலேயே சென்னைக் கல்வெட்டுத் துறையார் படி எடுத்துவிட்டார்கள். எங்கள் முறை வந்தபோது ஐயாவும் நானும் அதை எடுக்கப் பல காலைகள் ஆயின. அந்தக் காலத்து எழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். ரகரமும் காலும் பார்க்க ஒன்றுபோலவே நிற்கும். கல்லில் 'கொபபரகெசரி' என்று இருப்பதைக் கோப்பரகேசரி என்று படிக்க நாக்குக்குப் பழக வேண்டும். பத்தைக் குறிக்கிற '௰' என்ற குறி 'ய' போலத் தோன்றும். யாண்டு என்ற சொல்லின் பக்கத்தில் வந்தால் புதியவன் தடுமாறுவான்.

மை தட்டத் தட்ட அந்தக் கல்வெட்டில் ஒரு பள்ளிக்கூடம் எழுந்து வந்தது. 260 மாணவர், 12 ஆசிரியர். ரிக்வேதம் ஓத 60 பேர், யஜுர்வேதம் ஓத 60 பேர் என்று பாடவாரியாகக் கணக்கு. இலக்கணமும் உண்டு. இவர்கள் சாப்பாட்டுக்கும் சம்பளத்துக்குமாக 72 வேலி நிலம். ஊர்ச் சபையின் வாரியங்களில் பணியாற்றும் கடமையிலிருந்து ஆசிரியருக்கும் மாணவருக்கும் விலக்கு. கடைசிச் செய்தியை ஐயா வாய்விட்டுப் படித்துவிட்டு, பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். "படிக்கிற பிள்ளையக் கமிட்டி வேலைக்கு இழுக்காதேன்னு எழுதி வச்சிருக்கான் பாரு." பள்ளி ஆசிரியையான தன் மகள் கணக்கெடுப்பு, தேர்தல் என்று அலைவதை நினைத்திருப்பார் போல. கண் கலங்கியிருந்தது.

அந்தப் பள்ளி வேதம் ஓதும் உரிமை பெற்றவர்களுக்கு மட்டுமே ஆனது. அதை மறைத்துவிட்டுப் பெருமைப்பட எனக்கு மனமில்லை. அந்த 72 வேலியை உழுதவன் பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை. சுவரைச் செதுக்கினவன் பிள்ளையும் இல்லை. இதை ஐயாவிடம் ஒருநாள் சொன்னேன். "இல்லாததையும் சேர்த்துத்தான் தம்பி படிக்கணும்" என்றார்.

ஒரு பக்கம் விழுப்புரத்தைத் தாண்டினால் எண்ணாயிரம். அங்கே முதலாம் ராஜேந்திரன் காலத்தில் 340 மாணவரும் 14 ஆசிரியரும் கொண்ட பள்ளி நடந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. இன்னொரு பக்கம் பாகூர். அங்கே அதற்கும் முன்பு, ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் ஒரு வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த செப்பேடு எழுதப்பட்டது. பாகூர்ச் செப்பேடு என்று உலகம் அறிந்த அது இப்போது பாரிஸில் தேசிய நூலகத்தில் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர் வீட்டுக்கு வீடு பிரான்ஸில் பிள்ளைகள் வைத்திருக்கிறோம். பார்க்கப் போகிறவர்களிடம் ஈபெல் கோபுரத்தைப் பார்த்தது போதும், அந்த ஏட்டையும் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன். ஒரே ஒருத்தர் விசாரித்துவிட்டு வந்தார்.

பாகூருக்குக் கடலூர் சாலையில் கன்னியக்கோயில்வரை போய் உள்ளே திரும்ப வேண்டும். மூலநாதர் கோயில். ஏரிக்காற்று திருபுவனைக் காற்றைவிட மோசம். அங்கே தாளுக்கு நான்கு பக்கமும் ஆள் வேண்டும். அங்கே சோழர் ஊரில் சோழர் அல்லாத ஒருவன் பெயரைப் பார்த்து இளமையில் நான் திகைத்தேன். கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் மடிந்த போரின் பின், இந்தப் பகுதி பல ஆண்டு அவன் கையில் இருந்தது. ஆனால் கல்வெட்டின் மொழி தமிழ், எழுத்து தமிழ், ஊர்ச் சபை அதே சபை. மேலே ஆள்கிறவன் பெயர் மாறியது. ஏரியைக் கவனிக்கிற வேலை நிற்கவில்லை. பிரெஞ்சு ஆட்சியில் பிறந்து இந்திய ஆட்சியில் வளர்ந்த ஐயாவுக்கு இந்தக் கல்வெட்டுமேல் தனி வாஞ்சை உண்டு.

இந்தப் பகுதிக் கல்வெட்டுகளைத் திரட்டுவதற்குப் பாகூர் சு. குப்புசாமி பாடுபட்டார். கோ. விஜயவேணுகோபால் பதிப்பில் 2006இல் அவை நூலாக வந்தன. அந்த நூலைக் கையில் வாங்கியபோது ஐயா உயிரோடு இல்லை.

இனிச் சொல்லப்போவதை எழுத எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள். கோயிலுக்குச் செய்வதாக நினைத்துத்தான் செய்தார்கள்.

சின்னச் சிவன் கோயில். கருவறை, அர்த்தமண்டபம், முன்னால் பிற்காலத்து மண்டபம், அவ்வளவுதான். தொண்ணூறுகளில் ஒரு மார்கழியில் அதன் தென்சுவரில் ஒரு தாள் எடுத்தேன். சின்னக் கல்வெட்டு. கோயிலில் அணையாமல் ஒரு நொந்தா விளக்கு எரிய, ஒரு பெண் ஆடு விட்ட செய்தி. சோழ நாட்டில் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது பொது வழக்கு. ஆடுகளைப் பெற்றுக்கொள்கிற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். ஆட்டுக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை என்று கணக்கு. செத்ததற்கு ஈடாகக் குட்டி சேர்த்து எண்ணிக்கையைக் காக்க வேண்டும். அந்தப் பெண்ணின் பெயரில் இரண்டு எழுத்து சிதைந்திருந்தது. அதைப் பிடிக்க மூன்று முறை தாள் வைத்தேன்.

பன்னிரண்டு ஆண்டு கழித்துக் குடமுழுக்குப் பத்திரிகை வந்தது. மகிழ்ச்சியோடு போனேன். தூரத்திலிருந்தே கோயில் வெள்ளையாகத் தெரிந்தது. கல் வெள்ளையாக இருக்க நியாயமில்லையே என்று நடையை எட்டிப் போட்டேன். மணல் பீச்சும் இயந்திரம் வைத்து மூன்றே நாளில் மொத்தச் சுவரையும் சுத்தம் செய்திருந்தார்கள். திருப்பணியைப் பார்த்துக்கொண்டவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கல்லு பளிச்சுனு இருக்கு பாருங்கய்யா. ஆயிரம் வருஷத்து அழுக்கு." நான் தென்சுவருக்குப் போய்க் கையை வைத்தேன். பிரம்புப் பாய்போலச் சொரசொரத்தது. கல்லின் தோல் உரிந்துவிட்டது. எழுத்து இருந்த இடத்தில், அம்மைத் தழும்பு ஆறியதுபோல மங்கலாகச் சில பள்ளங்கள். விரல் எதிலும் நிற்கவில்லை. கருங்கல்லுக்கு மேல்தோல்தான் கவசம். அது போனால் மழை உள்ளே இறங்கும். மிச்சம் இருக்கிற பள்ளமும் என் ஆயுளுக்குள் போய்விடும்.

அவரிடம் கோபமாகப் பேசிவிட்டேன். அன்னதானப் பந்தியில் கையை நனைக்காமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான், அவருக்கு இதை முன்கூட்டிச் சொல்ல வேண்டியவன் நான்தானே என்று உறைத்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் படி எடுத்துக்கொண்டு போனவன், அந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊரில் ஒருவருக்கும் சொல்லாமல் போயிருக்கிறேன். தாள் பத்திரமாக என்னோடு வந்துவிட்டது. அறிவு ஊரில் தங்கவில்லை. அவர்களுக்கு அது அழுக்குப் பிடித்த சுவர் மட்டுமே.

அதன் பிறகு எந்த ஊரில் தாள் வைத்தாலும், உரித்த அன்றே கோயில் திண்ணையில் விரித்து, இருக்கிற ஆட்களைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டாமல் பஸ் ஏறியதில்லை. நான் வாசித்து முடித்ததும் முதலில் வரும் கேள்வி எப்போதும் நிலம் பற்றித்தான்: "அந்த வேலி இப்போ யார் கையில இருக்கு?" நியாயமான கேள்வி. இரண்டாவது கேள்விக்குள் யாராவது ஒருவர் சுவரோரம் போய்த் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சுவர்மேல் இனி இயந்திரம் ஏற அவர் விடமாட்டார். சுண்ணாம்பு அடிக்க வந்தவனைக் கல்வெட்டுப் பக்கம் போகவிடாமல் ஒரு கிழவி துடைப்பத்தோடு நின்றாள் என்று ஓர் ஊரிலிருந்து எனக்குச் செய்தி வந்தது. எனக்குக் கிடைத்த பரிசுகளில் அதுவே பெரிது.

போன மாசியில் அந்த வெள்ளைச் சுவர் ஊரிலிருந்து பள்ளி ஆசிரியை ஒருவர், தன் பிள்ளைகள் பத்துப் பேரைக் கடற்கரை காட்டக் கூட்டிவந்தார். நான் அழைத்திருந்ததால் வீட்டுக்கும் வந்தார்கள். பெட்டியிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்துக் கூடத்தில் விரித்தேன். மடிப்புகளில் பழுப்பேறியிருந்தது. மை மட்டும் நேற்றுத் தட்டியதுபோல. "இது உங்க ஊரு ஈஸ்வரன் கோயில் சுவரு" என்றேன். ஒரு பையன், "எங்க கோயில் வெள்ளையாத்தானே தாத்தா இருக்கும்?" என்றான்.

நான் தாளைக் குப்புறத் திருப்பிப் போட்டேன். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வரச் சொல்லி, ஒவ்வொருவராகத் தடவச் சொன்னேன். கல்லில் இப்போது இல்லாத எழுத்து, தாளின் முதுகில் மேடாக நின்றது. எட்டு வயதுப் பெண் ஒருத்தி மற்றவர்களைப்போல வேகமாகத் தடவாமல், ஒரே இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். "தாத்தா, இது எல்லாம் திரும்பி இருக்கு." தாளை நிமிர்த்திப் போட்டு, அவள் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தேன். நான் எழுத்தின் வழியே விரலை நகர்த்த நகர்த்த அவள் கூட்டிக்கூட்டிப் படித்தாள்.

"வி... ள... க... கு." நின்றாள். மறுபடி பார்த்தாள். "புள்ளி வைக்க மறந்துட்டாங்க."

சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தேன். தாளில் வேண்டாம், உன் நோட்டில் எழுதி அதில் வைத்துக்கொள் என்றேன். தரையில் படுத்து, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு எழுதத் தொடங்கினாள்.